ரம்புட்டான்: தோலின் சிவப்பில் சத்து உண்டா?

ஜூன், ஜூலை வந்தால் கேகாலைப் பக்கம் கண்டி வீதியோரம் ரம்புட்டான் குவிந்துவிடும். "நல்லாச் சிவந்ததா குடுங்க, அதுலதான் சத்து" என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அந்தச் சிவப்பு அந்தோசயனின் என்ற நிறமி. உரித்த தோலோடு அது குப்பைக்குப் போய்விடும். விற்றமின் சி இருப்பது வெள்ளைச் சதையில். மஞ்சள் தோல் இனத்திலும் அது உண்டு, மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

ஆனாலும் நிறம் பார்க்கத்தான் வேண்டும். மாங்காய், வாழைக்காய் பறித்தபின் பழுப்பது போல இது பழுக்காது. பச்சை மாறாத காயை அரிசிப் பானைக்குள் புதைத்தாலும் புளிப்பு புளிப்புதான். முடியையும் கவனியுங்கள்: விறைப்பாக நின்றால் புதுசு. நுனி கறுத்துச் சுருண்டிருந்தால் ஈரம் வற்றத் தொடங்கிவிட்டது. சதை கெட்டிருக்கும் என்றில்லை, ஒன்றை உரித்துத் தின்று பார்த்துவிட்டு விலை பேசலாம். வீட்டில் திறந்து வைக்காமல் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

நிறத்தை நம்பி வாங்க ஆசையா? பப்பாசியை வெட்டச் சொல்லிச் சதையைப் பாருங்கள். அந்தச் செம்மஞ்சள் கரோட்டீன், உடலுக்குள் விற்றமின் ஏ ஆகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ரம்புட்டானை விதை நீக்கியே கொடுங்கள், தொண்டையில் வழுக்கி அடைத்துவிடும்.