விதியா? பழக்கமா?

"எங்கள் தாத்தா எண்பது வயது வரை பீடி குடித்தார். அவருக்கு என்ன வந்துவிட்டது?" என்று கேட்பவர்களை நாம் வீட்டிலும் தெருவிலும் கண்டிருக்கிறோம். பீடியைத் தொடாத ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்ததையும் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படியானால் இந்நோய் தலைவிதியால் வருவதா, பழக்கத்தால் வருவதா? அறிவியல் கூறும் விடையைச் சற்று ஆராய்வோம்.

1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இரு அறிஞர்கள், புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். மறு ஆண்டே அந்நாட்டு மருத்துவர்களையே கவனிக்கத் தொடங்கினர். அந்த ஆய்வு 50 ஆண்டுகள் நீடித்தது. வாழ்நாள் முழுதும் புகைப்போர், புகைக்காதவரைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று 2004இல் அது தெரிவித்தது.

உடலில் நடப்பது என்ன?

புகையிலைப் புகையில் 7000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பென்சோபைரீன் அவற்றில் ஒன்று. உடலிலுள்ள சில நொதிகள் இதை வெளியேற்றுவதற்காக முதலில் மாற்றியமைக்கின்றன. மாறிய பொருளோ முன்னதைவிடக் கொடியது; உயிரணுவின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கும். அதற்குள் வேறொரு வகை நொதி அதைப் பிடித்து வெளியே அனுப்ப வேண்டும். ஒருவர் குப்பையைப் பெருக்கிக் குவிக்க, மற்றவர் அள்ளிச் செல்வது போன்றது இது. அள்ளுபவர் வராவிட்டால் குப்பை வாசலிலேயே கிடக்கும்!

இந்நொதிகளை ஆக்குபவை மரபணுக்கள். அள்ளிச் செல்லும் நொதிகளுள் ஒன்றான ஜி.எஸ்.டி.எம்.1க்குரிய மரபணு, ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இல்லை. மேலும், 15ஆம் குரோமோசோமில் உள்ள சில மரபணு வேறுபாடுகள் நிக்கோட்டின் மீதுள்ள பிடிப்பையும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகின்றன என்று 2008இல் கண்டறியப்பட்டது.

எனினும் இத்தகைய வேறுபாடு ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. புகைப்பழக்கமோ அதை 15 முதல் 30 மடங்கு வரை உயர்த்துகிறது. புகைக்காதவர்க்கும் பிறர் விடும் புகை, அடுப்புப் புகை முதலியவற்றால் இந்நோய் வரலாம்.

மெல்லுவது தீங்கற்றதா?

புகை இல்லையேல் பகை இல்லை என்று சிலர் புகையிலையை மெல்லுகின்றனர். வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவற்றில் புற்றுநோய் வர அது காரணமாகிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே என்று 2004இல் உலக வல்லுநர்கள் முடிவு கூறினர். மெல்லும் புகையிலையிலுள்ள நைட்ரோசமின்களுள் ஒன்றைத் தண்ணீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் நுரையீரலிலும் கட்டிகள் தோன்றின.

நாம் செய்ய வேண்டுவது

எண்பது வயதுத் தாத்தா நம்மிடம் பேசுகிறார். அவரைப்போலவே பீடி குடித்து நாற்பதில் மறைந்தவர் வந்து பேசுவதில்லை. இன்னாருக்கு நோய் வராது என்று உறுதி தரும் மரபணுச் சோதனை எதுவும் இல்லை. வைக்கோற்போர் ஈரமா, காய்ந்ததா என்று அறியாமல் தீக்குச்சியைக் கிழிக்கலாமா?

மரபணுவை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். புகைப்பதை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆனால், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆகவே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், அப்பாவின் சட்டைப்பையைப் பற்றியும் பாட்டியின் சுருக்குப்பையைப் பற்றியும் அன்போடு பேசுவோம். நாம் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, உயிரியல் பிரிவு மாணவியர்