பெரிய உடம்பும் ராட்டினத்தின் பூட்டும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கேளிக்கைப் பூங்கா பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: பருமனானவர்கள் இதிலெல்லாம் ஏறலாமா? அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: எனக்கு 108 கிலோ. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறி இறங்குகிறேன். ஆனால் போன விடுமுறையில் வெளியூர்ப் பூங்கா ஒன்றில் வெகுநேரம் வரிசையில் நின்று ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்த பிறகு, பூட்டு விழவில்லை என்று இறக்கிவிட்டார்கள். என்னைவிட எடை கூடிய என் அண்ணன் அதே வண்டியில் போய்வந்தார். இது என்ன நியாயம்? இப்போது பிள்ளைகள் தெலுக் பஹாங் எஸ்கேப்புக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
(வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: தாராளமாகப் போகலாம். முதலில் அண்ணன் கதைக்கு வருவோம். ரோலர் கோஸ்டரில் பூட்டு விழுவதற்கும் தராசுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை, உடல்வாகுதான் கணக்கு. தோளுக்கு மேலிருந்து இறங்கும் பிடி என்றால் மார்பும் தோளும் இடிக்கும். மடிமேல் விழும் கம்பி என்றால் வயிறும் தொடையும். அந்தப் பிடி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. அதுவரை வண்டியை விடமாட்டார்கள். உயரமான ஆணுக்கு எடை உடம்பெங்கும் பரவியிருக்கும், பூட்டு விழுந்துவிடும். அவரைவிட இருபது கிலோ குறைந்த பெண்ணுக்கு மார்போ இடுப்போ அகலமாக இருந்தால் விழாது. உங்கள் உடல் பலத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த இருக்கையை வார்த்த அச்சில் உங்கள் அளவு சேரவில்லை, அவ்வளவுதான்.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பலர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் பிடியை இழுப்பார்கள். பின்பக்கம் சாய்மானத்தில் நன்றாக ஒட்டும்வரை உள்ளே தள்ளி உட்காருங்கள். முதுகை நிமிர்த்துங்கள். இருக்கை வாரை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படும்படி போடுங்கள். மூச்சை வெளியே விட்டபடி பிடியை இழுங்கள். ஓரிரண்டு ‘க்ளிக்’ வித்தியாசத்தில் நிற்பவர்களுக்கு இது போதும். அதற்கும் விழவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

பூங்காக்காரர்கள் மனம்வைத்தால் வழி உண்டு. அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் 2010-இல் திறந்த ஹாரி பாட்டர் சவாரியில் பருமனானவர்கள் பலர் இறக்கிவிடப்பட்டார்கள். புகார்கள் குவிந்ததும் ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்து இருக்கைகளைப் பெரிய உடம்புக்கு ஏற்ப மாற்றினார்கள். வரிசையில் நிற்கும் முன்பே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வாசலில் மாதிரி இருக்கையும் வைத்தார்கள். அதனால் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “மாதிரி இருக்கை இருக்கிறதா? அகலமான இருக்கை எந்த வரிசையில்?”

எஸ்கேப் வேறு ரகம். 2012-இல் திறந்த அந்தப் பூங்காவில் மரத்துக்கு மரம் கயிற்றில் நடப்பது, குதிப்பது, சறுக்குவது என்று பெரும்பாலும் உங்கள் கைகால்களும் புவியீர்ப்பும் செய்யும் வேலைதான். இங்கே உடல்வாகைவிட எடைக்கே முதல் இடம். கயிறு, இடுப்புப் பட்டி, கொக்கி ஒவ்வொன்றும் இத்தனை கிலோ வரை என்று சோதிக்கப்பட்டவை. கம்பிவடச் சறுக்கில் குறைந்தபட்ச எடையும் உண்டு, ஏனென்றால் ரொம்ப இலேசானவர்கள் கரை சேராமல் நடுவழியில் தொங்கிவிடுவார்கள். அங்கே எல்லோரும் கேட்பது 2019-இல் கின்னஸ் சாதனை படைத்த 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கு. தொங்கு நாற்காலியில் குன்றின் மேல் போய், காட்டுக்குள் வளைந்து வளைந்து மிதவையில் இறங்கி வரவேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரம்பு தனித்தனி. டிக்கெட் எடுக்கும் முன் பூங்காவுக்கே போன் போட்டு, எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீர்ச்சறுக்கில் எல்லோர் முன்னிலையிலும் தராசில் ஏறச் சொன்னார்கள். கூசிப்போய்த் திரும்பிவிட்டேன். இது தேவையா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: எடை பார்ப்பது தேவை. ஊரைக் கூட்டிப் பார்ப்பது தேவையில்லை.

மிதவையில் போகும்போது எடை கூடினால் வேகம் கூடும். யார் முன்னால், யார் பின்னால் என்பதும் முக்கியம். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில், 51 மீட்டர் உயர நீர்ச்சறுக்கில் மூவர் போன மிதவை காற்றில் எழும்பி, முன்னால் இருந்த 10 வயதுச் சிறுவன் இறந்தான். பின்னால் இருந்த இரு பெண்களும் அவனைவிட நல்ல எடை. அவர்கள்மேல் குற்றமில்லை. சறுக்கின் வடிவமைப்பே தவறு என்று வழக்குப் போடப்பட்டது, 2018-இல் அதை இடித்தும்விட்டார்கள். மூவரின் மொத்த எடையும் அது விழும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த விபத்து காட்டியது.

ஆனால் எண்ணை உரக்கப் படிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. “தனியாகப் பார்க்கலாமா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தராசின் முகப்பை ஊழியர் பக்கம் திருப்பிவைத்தால் போதும், காசு செலவில்லாத மரியாதை அது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, ஆறடி உயரம், 125 கிலோ. பன்ஃபேரில் பிடி முழுதாக இறங்காதபோதும் “பரவாயில்லை, இறுக்கிப் பிடிச்சுக்கோ தம்பி” என்று ஏற்றிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
(வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2022 மார்ச் 24 அன்று ஒர்லாண்டோவில், சுமார் 130 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து செங்குத்தாக விழும் சவாரியில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். தயாரிப்பாளர் விதித்த வரம்பு 130 கிலோ. பையனின் எடை அதைவிட மிக அதிகம். விசாரணையில் வெளிவந்ததுதான் கொடுமை: அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றிவைத்திருந்தார்கள். பிடி வழக்கத்தைவிட அகலமாகத் திறந்திருந்தும் விளக்கு ‘சரி’ என்றே காட்டியது. தோள்பிடி தவிர இருக்கை வாரும் கிடையாது. 2023-இல் அந்தக் கோபுரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

‘முடியாது’ என்று இறக்கிவிடுகிற ஊழியர் உங்கள் மகனுக்கு நல்லது செய்கிறார். ‘பரவாயில்லை’ என்பவரிடம்தான் ஜாக்கிரதை. பூட்டியதும் பையனே பிடியை இரு கையாலும் மேலே தள்ளிப் பார்க்கட்டும். எழும்பினால் கையைத் தூக்கிக் கூப்பிட்டு இறங்கிவிடவேண்டும். கையால் இறுக்கிப் பிடிப்பதை நம்பி எந்தச் சவாரியும் கட்டப்படவில்லை.

இன்னொன்று பெற்றோர் எல்லோருக்கும்: இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி விழும் சவாரியில் பெரியவரும் சிறு பிள்ளையும் ஒன்றாக உட்காராதீர்கள். கம்பி பெரியவரின் தொடையில் நின்றுவிடும், பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி விழும். ஒரே அளவானவர்களைச் சேர்த்து உட்காரவையுங்கள்.

கேள்வி: என்ன உடுத்துவது? தாலிக்கொடியைக் கழற்றவேண்டுமா?
(வாசகி, பிறை)

பதில்: நீச்சல் பூங்காக்களில் பருத்திச் சட்டை, ஜீன்ஸ் அனுமதிப்பதில்லை. முழங்கை வரை கையும் கணுக்கால் வரை காலும் உள்ள லைக்ரா நீச்சலுடை நம் பெண்களுக்குத் தோதானது. தொடை உரசிப் புண்ணாகாமலும், இடுப்புப் பட்டி சதையில் பதியாமலும் காக்கும். பூங்காக் கடையில் பெரிய அளவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உலோக ஜிப், பொத்தான் இருந்தால் சறுக்கைக் கீறும் என்று நிறுத்திவிடுவார்கள்.

நீளமான தாலிக்கொடி பட்டியிலும் கயிற்றிலும் மாட்டும். சறுக்கில் கழுத்தை இறுக்கவும் கூடும். அன்று ஒருநாள் மஞ்சள் கயிற்றில் குட்டையாகக் கட்டி உடைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் ஊழியர் மறுத்தால் அந்த ஒரு விளையாட்டை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 140 கிலோ, மூட்டு வலியும் உண்டு. சவாரிக்கு ஆசையில்லை. ஆனால் குடும்பத்தோடு போய், பையைக் காவல் காக்க மட்டும் மனமில்லை.
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: அப்படியானால் இடத்தை மாற்றுங்கள். உங்கள் வீட்டுப் பக்கமே இருக்கிறது கொடிமலை ரயில். 1923-இல் ஓடத் தொடங்கி, 2011-இல் புதுப் பெட்டிகள் கண்டது. மடிக்கம்பி இல்லை, தோள்பிடி இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் பிள்ளைகள் கத்துகிற கத்தல் மட்டும் உண்டு. உயரம் பிடிக்குமென்றால் கொம்தாரின் 68-ஆவது மாடியில் கண்ணாடித் தரை நடைபாதை. பிள்ளைகள் எஸ்கேப்புக்குத்தான் என்று அடம்பிடித்தால், தெலுக் பஹாங்கிலேயே எந்தோப்பியா இருக்கிறது. 1986-இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கிய இடம். அவர்கள் அங்கே, நீங்கள் இங்கே, சாப்பாட்டுக்கு ஒன்றுசேருங்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்புவது நல்லது. ஜெட்டியிலிருந்து ரேபிட் பினாங்கு 101-ஆம் எண் பேருந்து தெலுக் பஹாங் போகிறது.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை: 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொடி எழுத்தில் எச்சரிப்பது வியாபாரத்துக்கும் அழகல்ல. எடை வரம்பையும் பட்டியின் சுற்றளவையும் டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே போடட்டும், வாசலில் மாதிரி இருக்கை வைக்கட்டும். நீங்களும் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: அதிகபட்ச எடை எவ்வளவு, பட்டி எவ்வளவு சுற்றளவுக்கு, ஏற முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லும் பூங்காவுக்கே உங்கள் ரிங்கிட் போகட்டும்.