பட்டுப்புடவையை ஆன்லைன்ல விற்க ஏஐ உதவுமா? வேலையை விடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



போன மாசம் ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். ஒரகடத்துல நல்ல வேலை. அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல தறி நெய்யறவர். கையில சேமிப்பு 3 லட்சம்.

"அண்ணா, வேலையை விட்டுட்டு முழுநேரமா ஆன்லைன்ல பட்டு விற்கப் போறேன். போட்டோ, விவரம், கஸ்டமருக்குப் பதில் எல்லாத்தையும் ஏஐ பார்த்துக்கும். கூட ஒரு பர்சனல் லோன் போட்டா போதும்"னார்.

ஆறு மாசமா பகுதிநேரமா விற்றுட்டுத்தான் இருந்தார். "ரிட்டர்ன் எவ்வளவு?"ன்னு கேட்டேன். முகம் மாறிடுச்சு. நாலுல ஒண்ணு திரும்பி வந்திருக்கு. அதுல ஒண்ணு முகூர்த்தப் புடவை. போட்டோவை ஏஐ 'பளிச்'னு ஆக்கினதுல அரக்கு நிறம் சிவப்பாத் தெரிஞ்சிருக்கு. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி பிரிச்சுப் பார்த்த அந்த வீட்ல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஏஐ வேணாம்னு நான் சொல்ல வரல. எங்க லாபம் தரும், எங்க கையைக் கடிக்கும்னு பார்ப்போம்.

ஏஐ உண்மையா உதவும் இடங்கள்

1. மொழி: ஹைதராபாத், பெங்களூரு, மும்பைன்னு வாங்கறவங்க எங்கேயும் இருக்காங்க. நீங்க தமிழ்ல சரியா எழுதின விவரத்தை தெலுங்கு, கன்னடம், இந்தியில மாத்தித் தரும்.

2. போட்டோ: பின்னணியை மட்டும் மாத்துங்க. புடவையோட நிறத்தைத் தொடாதீங்க. பகல் வெளிச்சத்துல எடுத்த படம், கோர்வை சேர்ற இடம் கிட்டத்துல தெரியற மாதிரி ஒரு படம், முந்தியைக் காட்டற சின்ன வீடியோ. இந்த மூணும் ரிட்டர்னைக் குறைக்கும்.

3. பதில்: "பிளவுஸ் துணி சேர்ந்திருக்கா?", "எத்தனை நாள்ல வரும்?" மாதிரி கேள்விகளுக்கு ராத்திரி 11 மணிக்கும் பதில் போகும். கல்யாணத் தேதி சொல்லிக் கேட்கறவங்களுக்கு மட்டும் நீங்களே பேசுங்க.

4. ரிட்டர்ன் காரணம்: திருப்பி அனுப்பினவங்க எழுதின காரணங்களை மொத்தமாக் கொடுத்தா, நிறமா, எடையா, ஜரிகையான்னு பிரிச்சுச் சொல்லும். என்னைக் கேட்டா, பணத்தை மிச்சப்படுத்தற வேலை இதுதான்.

இப்போ கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு புடவை அடக்கம் ரூ.12,000, ஜிஎஸ்டி இல்லாம விற்பனை விலை ரூ.15,000. கமிஷன், விளம்பரம், பேக்கிங், கொரியர் ரூ.1,600ன்னு வைங்க. மிச்சம் ரூ.1,400. திரும்பி வந்தா ரூ.700 நஷ்டம்.

100 ஆர்டர்ல 25 திரும்பினா: 75 × 1,400 = 1,05,000. அதுல 25 × 700 = 17,500 போக, கையில ரூ.87,500.

15 மட்டும் திரும்பினா: 85 × 1,400 = 1,19,000. அதுல 10,500 போக, கையில ரூ.1,08,500.

வித்தியாசம் ரூ.21,000. அதாவது ஆர்டருக்கு ரூ.210. ஏஐ டூல்களுக்கு மாசம் ரூ.2,000 கட்டறீங்கன்னா, மாசம் 10 ஆர்டராவது வந்தாத்தான் கட்டின காசு திரும்பும். மாசம் 5 ஆர்டர்தான்னா, இலவச டூல் போதும். பெரிய கடைக்கு லாபம் தர்ற அதே டூல், உங்களுக்கு வெறும் செலவு.

ஏஐயை நம்பக் கூடாத இடங்கள்

முதலாவது, ஜரிகை. வெள்ளி இழையில தங்கமுலாம் பூசின ஜரிகையா, செம்பு ஜரிகையான்னு படத்தைப் பார்த்து ஏஐக்குத் தெரியாது. ஆனா 'சுத்த ஜரிகை'ன்னு தைரியமா எழுதிடும். சில்க் மார்க் முத்திரை பட்டு சுத்தமானதுங்கறதுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்ல. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. வேற ஊர்ல விசைத்தறியில நெய்ததுக்கு அந்தப் பேரைப் போட முடியாது. 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. "ஏஐ எழுதினது சார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ரெண்டாவது, 'அடுத்த மாசம் எது விற்கும்'ங்கற கணிப்பு. ஆறு மாச விற்பனையை வெச்சு ஏஐ சொல்றது வெறும் ஊகம். ஆடியில கல்யாணம் இல்ல, ஆவணியிலயும் தையிலயும் இருக்குன்னு சொல்ற பஞ்சாங்கம் அதைவிட நல்ல வழிகாட்டி. 8 புடவை ஒரு வருஷம் விற்காம நின்னா ரூ.96,000 முடங்கும். அது 14% லோன் பணம்னா வட்டி மட்டும் ரூ.13,440. கிட்டத்தட்ட 10 புடவையோட லாபம் அதுலயே போயிடும்!

சம்பளக்காரங்க மறக்கக் கூடாதவை

* மார்க்கெட்பிளேஸ் மூலமா வெளி மாநிலத்துக்கு விற்றா, விற்பனை எவ்வளவு குறைவா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேணும்.
* அவங்க 0.5% டிசிஎஸ் பிடிப்பாங்க. அது உங்க பணம், கிளெய்ம் பண்ணுங்க.
* தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது.
* வெளி வேலை பார்க்க உங்க கம்பெனி அனுமதிக்குதான்னு ஆஃபர் லெட்டரைப் படிங்க.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: லோன் வேணாம். வேலையை விடாதீங்க. 3 லட்சத்துல பாதியை அவசர நிதியாத் தனியா வைங்க. மீதி 1.5 லட்சத்துல 12 புடவைக்கு மேல வாங்காதீங்க. தொடர்ந்து மூணு மாசம் 10 ஆர்டருக்கு மேல வந்து, ரிட்டர்ன் 15 சதவீதத்துக்குள்ள இருந்தா மறுபடி வாங்க, பேசலாம்.

அப்புறம் ஒண்ணு. படத்தைப் போடறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட காட்டி, "நிறம் சரியா இருக்கா?"ன்னு கேளுங்கன்னேன். சிரிச்சார். மறுநாள் மெசேஜ் வந்துச்சு: "அண்ணா, 18 படத்துல 7 தப்புன்னுட்டார் அப்பா."

நீங்களும் சைடு பிசினஸ் யோசிக்கறீங்கன்னா, மேல இருக்கற கணக்குல உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. லாபம் வந்தா ஆரம்பிங்க. வரலன்னா இன்னும் கொஞ்ச நாள் சம்பளம் வாங்குங்க, அதுல தப்பே இல்ல.