புகலிடமும் உரிமையும்

நுழையும்முன்
போர் மூண்ட நாட்டில் வீடும் நிலமும் ஒரே நாளில் பறிபோகின்றன. உயிரொன்றையே உடைமையாகக் கொண்டு எல்லை கடந்து வருவோரை ஏதிலியர் என்கிறோம். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பது இரக்கமா, கடமையா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்
'அகதி' என்னும் வடசொல் போக்கிடம் அற்றவர் எனப் பொருள்படும். 'ஏதிலார்' என்னும் சொல் திருக்குறளில் அயலாரைக் குறிக்கிறது. அதனோடு உறவுடைய 'ஏதிலி' என்னும் சொல், இன்று புகலிடம் தேடி வந்தவரைச் சுட்டுகிறது.

நடுநிலை நாடும் மூடிய எல்லையும்
இரண்டாம் உலகப்போரில் சுவிட்சர்லாந்து நடுநிலை வகித்தது. பல்லாயிரவருக்குப் புகலிடமும் தந்தது. ஆயினும், இனத்தின் காரணமாக மட்டும் தப்பி வந்தோர் அரசியல் ஏதிலியர் ஆகார் எனக் கூறி, 1942 ஆகஸ்டில் யூதர் பலருக்கு எல்லையை மூடியது. போரிடும் நாடுகளுக்கிடையே நடுநிலை வகிக்கலாம். துரத்துவோருக்கும் துரத்தப்படுவோருக்கும் இடையே நடுநிலை வகித்தல் அறமாகாது.

போருக்குப்பின் உருவான 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, இனம், சமயம், நாட்டினம், சமூகக்குழு, அரசியல் கருத்து ஆகியவை காரணமாகத் துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறியவரை ஏதிலி என வரையறுத்தது. உயிருக்கு ஊறு நேரும் இடத்திற்கு அவரைத் திருப்பி அனுப்பலாகாது என்றும் விதித்தது.

நம் அருகில்
1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த இனப்படுகொலையை அடுத்துத் தமிழர் பலர் படகேறி இராமேசுவரம் கரையை அடைந்தனர். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் அமைந்தன. மணலிக்கு மேற்கே புழலிலும் வடமேற்கே கும்மிடிப்பூண்டியிலும் அத்தகைய முகாம்கள் உள்ளன. அரசு உதவித்தொகையும் உணவுப்பொருளும் வழங்குகிறது. 2021இல் இவற்றிற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

சட்டத்தின் பார்வையில்
இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச்சட்டமும் இயற்றவில்லை. எனினும், அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதார்க்கும் உண்டு என, சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

உயிர்க்காப்பு உறுதியாயினும் குடியுரிமை எட்டவில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறப்போர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். ஆகவே, பெற்றோர் இருவரும் ஏதிலியராயின், முகாமிலேயே பிறந்து நம்முடன் ஒரே வகுப்பில் தமிழ் பயிலும் மாணவரும் சட்டத்தின்முன் அயலாரே ஆவர்.

இரக்கம் காலத்திற்கேற்ப மாறக்கூடியது. உரிமையோ சட்டத்தால் நிலைபெறுவது. வந்தவரின் உயிரைக் காப்பதில் தொடங்கும் புகலிடம், அவர்தம் பிள்ளைகள் அயலார் என்னும் நிலை நீங்கும்போதுதான் முழுமை பெறும்.