செம்பருத்தி வேலியும் தேன்சிட்டும்



நான்கு பருவங்கள் மாறி மாறி வரும் நாடுகளில் இளவேனில் என்பது ஒரு திருவிழாவைப் போன்றது. பனியில் உறங்கிய செடிகள் துளிர்க்கும், பூக்கள் மலரும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் மக்கள், அக்காலத்தில் தம் வீட்டுத் தோட்டத்திற்கு வரும் ஒரு சின்னஞ்சிறு விருந்தாளியை ஆவலோடு எதிர்பார்ப்பர். ஓசனிச்சிட்டு என்பது அதன் பெயர். அதன் எடை ஏறத்தாழ 3 கிராம்தான். குளிர்காலத்தை மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் கழித்துவிட்டு அது வடக்கே திரும்புகிறது. அவ்வாறு திரும்பும்போது, அவற்றுள் பல மெக்சிகோ வளைகுடாவின் மேல் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவை எங்கும் இறங்காமல் கடக்கின்றன. நொடிக்கு ஏறக்குறைய 50 முறை சிறகடிப்பதால் ரீங்கார ஓசை எழுகின்றது. பூவின் முன் அந்தரத்தில் நின்றவாறே தேன் அருந்தும் இப்பறவை, பின்னோக்கியும் பறக்க வல்லது.

ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. ஆதலால் அவற்றை நம் மலேசியத் தோட்டங்களில் காண இயலாது. எனினும் நாம் வருந்த வேண்டுவதில்லை. அதே தொழிலைச் செய்யும் வேறொரு பறவை நம் வாசலிலேயே வாழ்கிறது. அதுவே தேன்சிட்டு. மலாய் மொழியில் இதனைக் கெலிச்சாப் என்பர். இவ்விரண்டும் உறவுப் பறவைகள் அல்ல. ஆயினும் பூவின் அடியிலுள்ள தேனை எடுக்க வேண்டியிருப்பதால், இரண்டிற்கும் நீண்ட, மெல்லிய அலகு அமைந்தது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்தே தேன் அருந்தும். சில கணங்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் இங்கு இளவேனில் என்று தனிப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் பூக்காலமே. 1960 ஆம் ஆண்டில் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி, நாள்தோறும் புதுப்பூ பூக்கின்றது. பெரும்பாலும் ஒரு பூவின் வாழ்வு ஒரே நாள். லயத்து வீடுகளின் முன் நிற்கும் செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, பப்பாளி ஆகிய அனைத்தும் தேன்சிட்டுக்கு விருந்து வைக்கின்றன. காலை வேளையில் சற்று அமைதியாக நின்று பாருங்கள். மின்னும் கருநீலத் தொண்டையும் மஞ்சள் வயிறும் உடையது ஆண். கழுத்து முதல் அடிவயிறு வரை மஞ்சளாக இருப்பது பெண்.

பெண் சிட்டு நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, தொங்கும் பை போன்ற கூட்டைக் கட்டும். பக்கவாட்டில் ஒரு வாயிலும், மழை புகாதபடி அதன்மேல் ஒரு சிறு கூரையும் இருக்கும். வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் கொண்டுவந்து ஊட்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுவது நம் கடமையாகும். பள்ளிக்கு அதிகாரிகள் வருகை தரவிருந்தனர். முன்வாயில் செம்பருத்தி வேலியை ஒட்டக் கத்தரிக்குமாறு நாமே பணித்தோம். மறுநாட் காலையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சருகுக் கொத்துப் போன்ற ஒன்றை இரு கைகளிலும் ஏந்தி வந்து நம் மேசைமேல் வைத்தாள். "ஐயா, உள்ளே இரண்டு குஞ்சுகள் இருக்கின்றன. அசையவே இல்லை" என்றாள். வெளியே, வெட்டுண்ட வேலியின்மேல் தாய்ச்சிட்டு வந்து வந்து அமர்ந்தது. அதன் அலகில் ஒரு சிறு பூச்சி இருந்தது.

அன்று வந்தோர் பள்ளியின் தூய்மையைப் பாராட்டினர். அப்பாராட்டு நம் செவியில் ஏறவில்லை. அச்சிறுமி அக்கூட்டை நாள்தோறும் கண்டிருக்கிறாள். நாமோ அவ்வேலியை நாள்தோறும் கடந்தும் கண்டதில்லை. எவரையும் கேளாமல் கத்தியை எடுக்கச் சொன்னது நம் பிழையே. அன்று முதல், வேலியைக் கத்தரிக்கும் முன் மாணவர்களை அழைத்துக் கிளை கிளையாகப் பார்க்கச் சொல்வதை வழக்கமாக்கிக் கொண்டோம். கூடு இருப்பின், குஞ்சுகள் பறந்து செல்லும் வரை வேலி வளர்ந்தே நிற்கும். அதனால் பள்ளியின் மதிப்பு ஒருபோதும் குறைந்ததில்லை.

பெற்றோர்களே, மருந்து அடிக்கும் வேலையில் ஈடுபட்டோர் அதன் கொடுமையை நன்கு அறிவீர்கள். வாசற்செடிகளுக்குப் பூச்சிமருந்து வேண்டா. பூச்சியும் சிலந்தியும் இன்றேல் குஞ்சுக்கு உணவில்லை. கூடு கட்ட நூலுமில்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோரும் மனந்தளர வேண்டா. செம்பருத்திக் கிளையில் ஒரு சாண் வெட்டிச் சட்டியில் நட்டு, நாள்தோறும் நீர் தெளித்து வந்தால் வேர் பிடிக்கும்.

மாணவர்களே, கீழ்க்காண்பவற்றைச் செய்து பாருங்கள்:

1. ஒரு வாரம், காலையில் கால் மணி நேரம் உங்கள் வாசற்செடியைக் கவனித்து, எந்தப் பூவிற்கு எத்தனை முறை தேன்சிட்டு வந்தது எனக் குறித்து வையுங்கள்.

2. வந்தது ஆணா, பெண்ணா என்பதையும் எழுதுங்கள்.

3. கூட்டைக் கண்டால் தொடாதீர்கள். எட்டி நின்று பாருங்கள். வீட்டில் கத்தியெடுத்துச் செடி வெட்டுபவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதை மட்டும் ஒருபோதும் மறவாதீர்கள். நீங்கள் கண்டதைப் பெரியவர்கள் காணாதிருக்கக்கூடும்.