நகத்தளவு உலோகக் கூடு

கைப்பேசியின் அடிப்பகுதியில் உள்ள மின்னூட்டத் துளைக்குள் விளக்கொளியைப் பாய்ச்சி உற்றுப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி ஓர் உலோக வளையமும் நடுவில் மெல்லிய நாக்கு போன்ற ஒரு துண்டும் தெரியும். புதிய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது 'சி' வகை யுஎஸ்பி இணைப்பான். அதன் துளையின் அகலம் ஏறக்குறைய 8.3 மில்லிமீட்டர், உயரம் 2.6 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. முழு வசதி கொண்ட இணைப்பானில் இந்தச் சிறிய இடத்துக்குள் 24 தொடுமுனைகள் அடங்கியுள்ளன.

தொடுமுனைகளைத் தாங்கி நிற்பது நெகிழிதான். அப்படியிருக்க, அதைச் சுற்றி ஏன் உலோகக் கூடு? நெகிழியாலேயே முழுவதையும் செய்தால் செலவு குறையுமே! உறுதிக்காக என்று பலரும் விடை சொல்வர். அது பாதி விடைதான்.

இணைப்பான் வழியே மின்சாரம் மட்டும் செல்வதில்லை, தரவும் செல்கிறது. தரவு என்பது கம்பியில் மின்னழுத்தம் மிக விரைவாக ஏறி இறங்குவதுதான். 2008ஆம் ஆண்டு வெளியான யுஎஸ்பி 3.0 முறையில், ஒரு விநாடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. இவ்வளவு வேகமாக மின்னோட்டம் மாறும்போது, கம்பியும் தொடுமுனையும் சிறு வானலை வாங்கிகளைப் போல் நடந்துகொள்ளும். தம்மிடம் உள்ள ஆற்றலில் ஒரு பகுதியை மின்காந்த அலைகளாக வெளியே கசியவிடும். இந்தக் கசிவையே பொறியாளர்கள் இரைச்சல் என்கின்றனர். காதுக்குக் கேட்காத இரைச்சல் அது.

இதனால் என்ன கெட்டுவிடும்? 2012இல் இண்டெல் நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இதற்கு விடை தந்தது. யுஎஸ்பி 3.0 கருவிகளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் எட்டுகிறது என்று அது காட்டியது. கம்பியில்லாச் சுட்டி, கம்பியில்லா விசைப்பலகை, புளூடூத், வீட்டிலுள்ள வைஃபை ஆகிய பலவும் அந்த அலைவரிசையில்தான் இயங்குகின்றன. மடிக்கணினியில் வெளிவன்தட்டு ஒன்றைச் செருகியவுடன், பக்கத்துத் துளையில் உள்ள சுட்டியின் அலைவாங்கி தடுமாறும். சுட்டி திரையில் விட்டுவிட்டு நகரும். சுட்டியின் மின்கலத்தை மாற்றிப் பார்ப்பார்கள். புதிய சுட்டியும் வாங்குவார்கள். குற்றவாளி பக்கத்தில் இருக்கும் இணைப்பான் என்பது எளிதில் தோன்றாது. அலைவாங்கியை ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் செருகிச் சற்றுத் தள்ளி வைத்தாலே பல வேளைகளில் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால், அது பயனர் செய்யும் மாற்று வழி. இணைப்பானைச் சரியாகக் கவசமிட்டு வடிவமைப்பதே அடிப்படைத் தீர்வு.

உலோகக் கூடு மின்காந்த அலையைத் தடுக்கும் என்பது பழைய செய்தி. மைக்கேல் ஃபாரடே 1836ஆம் ஆண்டிலேயே, உலோகத்தால் சூழப்பட்ட ஓர் அறையை அமைத்து, வெளியிலுள்ள மின்னேற்றம் உள்ளே பாதிப்பை ஏற்படுத்துவதில்லை என்று காட்டினார். இணைப்பானின் கூடு அந்த அறையின் மிகச் சிறிய உறவினர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஃபாரடேயின் அறையை நன்கு மூடிக்கொள்ளலாம். இணைப்பானை மூட முடியாது. செருகி நுழைய ஒரு வாய் வேண்டும், தொடுமுனைகள் மின்சுற்றுப் பலகைக்கு இறங்க ஒரு வழி வேண்டும். தகட்டை மடித்துக் கூடு செய்தால் இரு விளிம்புகள் சேரும் இடத்தில் பிளவும் இருக்கும். ஆகவே, கவசமிடும் கலையில் உலோகத்தைவிட இடைவெளிகளைப் பற்றித்தான் அதிகம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

நுண்ணலை அடுப்பின் கதவைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்குள் துளையிட்ட உலோகத் தகடு ஒன்று இருக்கும். துளைகள் வழியே உள்ளே சுழலும் உணவு நமக்குத் தெரிகிறது. ஆனால் நுண்ணலை வெளியே வருவதில்லை. அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஓரிரு மில்லிமீட்டர் துளைகளின் வழியே அவ்வளவு நீண்ட அலை எளிதில் கசிய முடியாது. இங்கே கவனிக்க வேண்டியது துளையின் பரப்பளவன்று, அதன் நீளம். நூறு சிறு வட்டத் துளைகள் விடாத அலையை, தலைமுடி அளவே தடிப்புள்ள ஒரு நீண்ட கீறல் விட்டுவிடக்கூடும்.

எவ்வளவு நீளம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயமான அளவுகோல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதை இருபதால் வகுத்தால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரும். கணினிகளில் நாம் நெடுங்காலம் கண்ட அகலமான 'ஏ' வகைச் செருகியின் அகலமோ 12 மில்லிமீட்டர். செருகியின் கூடும் துளையின் கூடும் இரு ஓரங்களில் மட்டும் தொட்டுக்கொண்டால், நடுவில் இந்த அளவுக்கு இருமடங்கு நீளமுள்ள இடைவெளி கிடக்கும். அதனால்தான் துளையின் கூட்டில் சிறு வில்நாக்குகளை வெட்டி உள்நோக்கி வளைத்திருப்பார்கள். அவை செருகியின் மேல் பல இடங்களில் அழுந்தி, நீண்ட இடைவெளியைச் சிறு துண்டுகளாக்குகின்றன. செருகி நழுவாமல் பிடித்துக்கொள்வதும் அவையே.

மின்சுற்றுப் பலகையின் பக்கம் இன்னொரு தலைவலி. கவசம் பிடித்து வைத்த இரைச்சல் மின்னோட்டம் எங்காவது போயாக வேண்டும். பலகையில் பரந்து கிடக்கும் தரையிணைப்புச் செப்புத் தளமே அதன் போக்கிடம். கூட்டிலிருந்து அந்தத் தளத்துக்குக் குட்டையான, பல வழிகள் வேண்டும். ஒரே ஒரு மெல்லிய, நீண்ட தடத்தின் வழியே மட்டும் இணைத்தால், அதிவேக மின்னோட்டத்துக்கு அந்தத் தடம் பெரிய தடையாகிவிடும்; அப்போது காவலுக்கு வைத்த கூடே அலையை வீசத் தொடங்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! எனவே, நல்ல இணைப்பானின் கூட்டில் நான்கு கால்கள் இருக்கும். அவற்றைப் பலகையின் துளைகளில் இறக்கிப் பற்றவைப்பார்கள். பின்புறத்தையும் திறந்து விடாமல் ஒரு மூடியால் அடைப்பார்கள்.

அந்தக் கால்களுக்கு இரண்டாவது வேலையும் உண்டு. கம்பி செருகியிருக்கும்போது யாரேனும் அதில் கால் தடுக்கினால், செருகி ஒரு நெம்புகோலாகி இணைப்பானைப் பலகையிலிருந்து பெயர்க்கப் பார்க்கும். தொடுமுனைகளோ பலகையின் மேற்பரப்பில் மெல்லிய ஈயப்பற்றால் ஒட்டியவை; அந்த விசையைத் தாங்கமாட்டா. பலகையை ஊடுருவிய கால்களே அதைத் தாங்க வேண்டும். இடத்தையும் காசையும் மிச்சப்படுத்த எண்ணிக் கால்களைக் குறைத்த மலிவான இணைப்பான்கள் சந்தையில் உண்டு. அது தவறான சிக்கனம். ஒரு கால் குறைந்தால் உறுதியும் குறைகிறது, கவசமும் குறைகிறது.

இந்த இணைப்பானின் வரலாற்றையும் சுருக்கமாகப் பார்ப்போம். யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996இல் வெளியானது. அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட் என்னும் இண்டெல் பொறியாளர். (அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் தன் முதல் ஆலையை 1972இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது.) 'ஏ' வகையில் நான்கே தொடுமுனைகள். அவற்றுள் மின்சாரம் தரும் இரண்டும் தரவுக்கான இரண்டைவிடச் சற்று நீளமானவை. எனவே, செருகும்போது முதலில் மின்சாரம் சேர்ந்து, பிறகே தரவு தொடங்கும். எளிய, அருமையான உத்தி. அந்தச் செருகியைத் தலைகீழாகச் செருகப் பார்த்து எரிச்சலடையாதவர் குறைவு. இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் கம்பிகளும் சுற்றும் பெருகிச் செலவு கூடியிருக்கும் என்று அஜய் பட் பின்னாளில் விளக்கினார்.

2014இல் வந்த 'சி' வகை அந்தக் குறையைப் போக்கியது. நாக்கின் மேல்புறம் 12, கீழ்ப்புறம் 12 எனத் தொடுமுனைகளைச் சமச்சீராக அடுக்கினார்கள். எப்படித் திருப்பினாலும் மின்சார முனை மின்சார முனையையும், தரை முனை தரை முனையையும் சந்திக்கும். ஆனால், அடுத்தடுத்த முனைகளின் மையங்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான் தூரம். இவ்வளவு நெருக்கத்தில், வெளியே கசியும் இரைச்சலோடு உட்பகையும் சேர்கிறது: ஒரு முனையின் சமிக்ஞை பக்கத்து முனைக்குள் புகுந்துவிடும். இதைக் குறுக்குப்பேச்சு என்பர். வரிசையின் இரு முனைகளிலும் தரை முனைகளை வைத்தது இதற்காகவும்தான். நாக்கின் நடுவே, மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில், ஒரு மெல்லிய உலோகத் தகட்டையும் புதைத்தார்கள். வெளியே ஒரு கவசம், உள்ளே ஒரு கவசம். அந்த நாக்கின் நெகிழி, ஈயப்பற்று உருகும் அடுப்பின் 250 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கி, வளையாமலும் இருக்க வேண்டும்.

தேய்மானம் பற்றியும் வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டார்கள். 'ஏ' வகைக்கு வகுத்த தர அளவு 1500 முறை செருகி எடுப்பது. 'சி' வகைக்கு அது 10,000 முறை. நாளுக்கு மூன்று முறை செருகினால், முதலாவது ஒன்றரை ஆண்டுகூட நிறைவதற்குள் தன் எல்லையைத் தொடும். இரண்டாவது ஒன்பது ஆண்டு தாங்கும். இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. வளைந்து நிமிர்ந்து சோர்ந்துபோகும் வில் உறுப்புகளைக் கைப்பேசியில் வைக்காமல் கம்பியின் செருகிக்குள் வைத்தார்கள். சில வெள்ளிக்கு வாங்கும் கம்பி தேயட்டும், விலையுயர்ந்த கைப்பேசி தேய வேண்டாம் என்பதே எண்ணம். இது 2007இல் வந்த மைக்ரோ யுஎஸ்பியிலேயே தொடங்கிய வழக்கம்.

ஆகவே, மின்னூட்டக் கம்பி தளர்ந்து ஆடினால் முதலில் வேறொரு கம்பியைச் செருகிப் பாருங்கள். அதுவும் முழுமையாக உள்ளே போகவில்லையென்றால், துளைக்குள் சட்டைப்பையின் பஞ்சு சேர்ந்து இறுகியிருக்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெல்ல அதை எடுக்கலாம். ஊசியோ குண்டூசியோ வேண்டாம். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் தொடுமுனைகளை உலோக முனை எளிதில் கீறிவிடும்.