காற்றில் பறக்கும் குப்பை: எட்டாம் வகுப்பில் ஒரு தெரு ஆய்வு

ஆனி, ஆடி மாதங்களில் பாலாற்றங்கரை ஊர்களில் மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கிவிட்டால், வாசலில் வைத்த குப்பை வாசலில் இருக்காது. மளிகைப் பை முள்வேலியில் தொங்கும். ஷாம்பு உறையும் பாக்குத் தாளும் பள்ளி மைதானத்துக்கு வந்து சேரும். மீதி, வறண்டு கிடக்கும் ஆற்று மணலில் போய் விழும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என இந்தத் தோல் தொழில் பகுதியில் எங்கே பணியாற்றும் ஆசிரியரும் இதை அறிவார். மைதானத்தை இன்று சுத்தம் செய்தால் நாளையும் அதே அளவு குப்பை கிடக்கும்.

இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது? ஏன் குறிப்பிட்ட சில பொருள்கள் மட்டுமே வருகின்றன? இந்த இரு கேள்விகளையும் எட்டாம் வகுப்பு மாணவர்களோடு ஆறு பாடவேளைகளில் ஆராய்ந்தோம். நான் அறிவியல் ஆசிரியர். கணக்கு, தமிழ் ஆசிரியர்களும் தலா ஒரு பாடவேளை தந்து உதவினார்கள். மற்ற பள்ளிகளிலும் செய்து பார்க்க வசதியாக, படிநிலைகளை வரிசையாகத் தருகிறேன்.

படி 1: புகாரைக் கேள்வியாக மாற்றுதல்

குப்பை பற்றி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். கரும்பலகை நிரம்பிவிட்டது.

"வண்டி எப்ப வருதுன்னே தெரியல மிஸ்."

"விசில் அடிச்சிட்டு நிக்காமப் போயிடுறாங்க."

"நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் அவங்க ஒண்ணாத்தான் கொட்டுறாங்க."

"எதிர் வீட்டுப் பை எங்க வாசலுக்குப் பறந்து வருது. கேட்டா சண்டைக்கு வர்றாங்க."

எல்லாமே யாரோ ஒருவரைக் குறை சொல்லும் வாக்கியங்கள். குறையை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும், எண்ணியோ அளந்தோ பதில் காணக்கூடிய கேள்வியாக மாற்றச் சொன்னேன். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது? அதற்கு எவ்வளவு நேரம் முன்பு பை வெளியே வைக்கப்படுகிறது? பிரித்துக் கொடுக்கும் வீடுகள் எத்தனை? வண்டியில் தனித்தனி இடம் உள்ளதா? பறப்பவை எவை? அறிவியல் முறையின் முதல் படி இதுதான் என்பதை மாணவர்கள் வரையறை படிக்காமலேயே புரிந்துகொண்டார்கள்.

படி 2: தெருவில் ஒரு வாரம்

ஐந்து குழுக்கள், ஐந்து தெருக்கள். ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவையே எடுத்துக்கொண்டது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் நான்கு விவரங்களைக் குறித்தால் போதும்: வெளியே உள்ள பைகள் எத்தனை, அவற்றில் முடிச்சிட்டவை எத்தனை, மூடியுள்ள வாளியில் வைத்தவை எத்தனை, வண்டி வந்த நேரம் என்ன.

ஒரு கட்டுப்பாடு மட்டும் விதித்தேன். யார் வீடு என்று எழுதக் கூடாது. வீட்டு எண்ணும் கூடாது. நாம் தேடுவது காரணத்தை, குற்றவாளியை அல்ல என்று விளக்கினேன். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆய்வு இரண்டாம் நாளே தெருச் சண்டையாகிவிடும்.

வார முடிவில் ஐந்து அட்டவணைகளும் ஒரே செய்தியைச் சொல்லின. ஷூ கம்பெனிக்கு முதல் ஷிப்டு போகும் வீடுகளில் வண்டி வரும்வரை காத்திருக்க ஆள் இல்லை. அவர்கள் இரவிலேயே பையை வாசலில் வைத்துவிடுகிறார்கள். விடிவதற்குள் நாய் கிழிக்கிறது, காற்று எடுத்துச் செல்கிறது. வண்டி வரும் நேரமோ நாளுக்கு நாள் மாறுகிறது. பொறுப்பில்லாத மக்கள் என்றோ வேலை செய்யாத பணியாளர் என்றோ சொல்லிவிட முடியாத நிலை இது. இரு தரப்பின் நேரமும் பொருந்தவில்லை.

படி 3: காற்றாடிச் சோதனை

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்காது, எது பறக்கும் என்பதை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு மேசைக் காற்றாடி, ஒரே அளவான இரண்டு ஏ4 தாள்கள், ஒரே மாதிரியான இரண்டு மளிகைப் பைகள் போதும். ஒரு தாளை விரித்தும் மற்றதைக் கசக்கிப் பந்தாக்கியும் காற்றாடி முன் வைக்கவும். ஒரு பையைத் திறந்தபடியும் மற்றதை இறுக முடிச்சிட்டும் வைக்கவும். ஒவ்வொன்றும் நகர்ந்த தூரத்தை அளவுநாடாவால் அளக்கவும்.

வழக்கமான 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் நிறை ஏறக்குறைய 5 கிராம். கசக்கினாலும் அதே 5 கிராம்தான். மாறுவது காற்று படும் பரப்பு மட்டுமே. நிறை மாறாமல் பரப்பு குறைந்தால், காற்று தரும் விசையும் குறைகிறது. திறந்த பை பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கிறது. முடிச்சிட்ட பை அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. விசை பற்றிய பாடத்துக்கு இதைவிட அருகில் கிடைக்கும் எடுத்துக்காட்டு இல்லை.

இதோடு பியூஃபோர்ட் அளவுகோலையும் அறிமுகப்படுத்தலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்தது இது. கருவி இல்லாமல், கண்ணால் பார்த்தே காற்றின் வேகத்தை மதிப்பிடலாம். மரத்தின் இலைகளும் சிறு குச்சிகளும் இடைவிடாமல் அசைந்தால் அது 3ஆம் நிலை. மணிக்கு 12 முதல் 19 கி.மீ. புழுதியும் காகிதத் துண்டுகளும் மேலெழுந்தால் 4ஆம் நிலை. மணிக்கு 20 முதல் 28 கி.மீ. தெருக்குப்பை பறக்கப் புயல் தேவையில்லை, மிதமான காற்றே போதும் என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருந்தது. இரண்டு வாரம் வேப்பமரத்தைப் பார்த்துக் காற்றுநிலையைக் குறித்து, அதே நாளில் மைதானத்தில் விழுந்த உறைகளின் எண்ணிக்கையோடு வரைபடம் வரைந்தார்கள்.

படி 4: காயலான் கடை விலைப்பட்டியல்

மைதானத்தில் சேர்ந்ததைக் கையுறை அணிந்து வகை பிரித்தோம். சிப்ஸ், பிஸ்கட் உறைகள், ஷாம்பு உறைகள், பாக்குத் தாள்கள், மெல்லிய பைகள், பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் தயிர்ப் பச்சடிப் பைகள். தண்ணீர் பாட்டில் அபூர்வம். அட்டைப்பெட்டி ஒன்றுகூட இல்லை. இரும்பும் இல்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை காயலான் கடையில் கிடைத்தது. இரு மாணவர்கள் கடைக்காரரிடம் எதையெல்லாம் வாங்குவார் என்று கேட்டு எழுதி வந்தார்கள். இரும்பு, அட்டை, செய்தித்தாள், பாட்டில், பால் உறை, தகரம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மைதானத்தில் நாங்கள் பொறுக்கிய எதற்கும் விலை இல்லை.

ஒரு மாணவி சொன்னாள்: "மிஸ், விலை இருக்கிற குப்பை பறக்கல."

இந்த ஆய்வில் நாங்கள் கண்டடைந்த முதன்மையான உண்மை இதுதான். விலையுள்ளதை யாராவது எடுத்துவிடுகிறார்கள். விலையில்லாததே காற்றுக்கு மிஞ்சுகிறது. சிப்ஸ் உறையில் பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகப் படலமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சி செய்வோர் வாங்குவதில்லை. கணக்கு ஆசிரியர் இதை ஒரு கணக்காக்கினார்: உறை ஒன்றின் நிறை 2 கிராம் எனில், 1 கிலோ சேர்க்க எத்தனை முறை குனிய வேண்டும்? 500 முறை. எதற்கும் விலை கிடைக்காத 500 குனிதல்கள்.

இங்கே சமூக அறிவியலை இணைக்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. இவை பைகள் போன்ற, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களைப் பற்றியவை. உறைகளுக்கு யார் பொறுப்பு? பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், உறையைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உண்டு என்கின்றன. குப்பை என்றாலே "நாம் திருந்த வேண்டும்" என்று மட்டும் சொல்லிப் பழகிய மாணவர்களுக்கு இது புதிய செய்தி.

படி 5: நம் பகுதிக்கே உரிய கழிவு

இப்பகுதியில் பல வீடுகளில் பெண்கள் ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். அந்த வீட்டுக் குப்பையில் தோல் நறுக்கு, நூல், உடைந்த ஊசி எல்லாம் சேர்ந்திருக்கும். வண்டி வராத நாளில் குப்பையைத் தெருமுனையில் கொளுத்தும் பழக்கமும் உண்டு. பெரும்பாலான தோல் குரோமியம் உப்பால் பதனிடப்படுவது. அதிலுள்ள மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், எரியும்போது ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவமாக மாறக்கூடும்; அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனேற்றத்துக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்பதையும், மக்கும், மக்காத, வீட்டு அபாயகரக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பதையும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரே சான்று. சதுப்பேரி ஏரியில் பல ஆண்டுகள் குப்பை கொட்டப்பட்டது. அதே வேலூரைச் சேர்ந்த சீனிவாசன், குப்பையை அன்றன்றே பிரித்து வாங்கினால் காய்கறிக் கழிவு மாட்டுத் தீவனமாகவும் உரமாகவும் பயன்படும், உலர்ந்தவை வகைவாரியாக விலைபோகும் என்று செயலில் காட்டினார். அவருடைய முறையைப் பிற மாநில ஊர்களும் கற்றுக்கொண்டன. உலக அளவில் பேச, ஜப்பானின் கமிகட்சு ஊரைச் சொன்னேன். அங்கே மக்கள் கழிவை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துத் தாங்களே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஜப்பானிய நகரத் தெருக்களில், காகம் கிளறாமலிருக்கக் குப்பைப் பைகள்மேல் வலை போர்த்துகிறார்கள். "நமக்கு நாய்க்கும் காத்துக்கும் சேர்த்து ஒரு வலை" என்றான் ஒரு மாணவன்.

படி 6: வல்லுநர் வருகை

தெருவில் குப்பை சேகரிக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவரைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு வகுப்புக்கு அழைத்தோம். மற்ற விருந்தினருக்குத் தரும் அதே நாற்காலி, அதே தேநீர், அதே வணக்கம். மாணவர்கள் "அக்கா" என்று அழைத்துக் கேள்வி கேட்டார்கள். நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் ஏன் ஒன்றாகக் கொட்டுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அவர் கோபப்படவில்லை. தெருவில் சில வீடுகள் மட்டும் பிரித்துத் தந்தால், ஒரே தொட்டி உள்ள வண்டியில் அதைத் தனியாக வைக்க இடமில்லை என்றார். சோறும் குழம்பும் பட்ட அட்டையைக் கடையில் வாங்குவதில்லை. அதனால் தங்களுக்குக் கிடைக்கும் சில்லறை வருமானமும் போகிறது என்றார். பிறகு விரல்களைக் காட்டினார். ஊசியும் கண்ணாடியும் பட்ட தழும்புகள். அதன்பின் வகுப்பில் யாரும் "குப்பைக்காரங்க" என்று சொல்லவில்லை.

ஆய்வுக்குப் பின்

தமிழ்ப் பாடவேளையில் மாணவர்கள் இரண்டு எழுதினார்கள். ஒன்று, உள்ளாட்சி அலுவலகத்துக்கு விண்ணப்பம்: வண்டிக்கு நிலையான நேரம் வேண்டும், உலர் கழிவுக்கு வண்டியில் ஒரு சாக்கு வேண்டும். அட்டவணைகளை இணைத்திருந்தார்கள். மற்றது, வீடுகளுக்குத் துண்டறிக்கை, தமிழிலும் உருதிலும்: முடிச்சிடுங்கள், மூடியுள்ள வாளியில் வையுங்கள், ஊசியையும் கண்ணாடியையும் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள்.

வண்டியில் சாக்கு தொங்குகிறது. நேரம் இன்னும் சில நாள் தவறுகிறது. பைகள் பறப்பது குறைந்திருக்கிறது. சிப்ஸ் உறை குறையவில்லை. அது ஏன் என்பதை இப்போது எங்கள் மாணவர்கள் சொல்வார்கள்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு

1. எந்தக் குழந்தையின் பெற்றோர் என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்க வேண்டாம். தூய்மைப் பணியாளரின் பிள்ளையும் ஷூ கம்பெனித் தொழிலாளியின் பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். விருந்தினராக வருபவரின் பிள்ளை அவ்வகுப்பில் இருந்தால், அந்தக் குழந்தையிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள்.

2. கையுறை இல்லாமல் வகை பிரிக்க விடாதீர்கள். பள்ளி மைதானக் குப்பை போதும். தெருக்குப்பையைத் தொட வேண்டாம்.

3. தெரு ஆய்வைப் பள்ளிக்கு வரும் வழியிலேயே, இருவர் இருவராகச் செய்யச் சொல்லுங்கள்.

4. மதிப்பீட்டுக்குத் தனித்தேர்வு வேண்டாம். அட்டவணை, வரைபடம், விண்ணப்பம் மூன்றையும் செயல்பாட்டுப் பதிவேட்டில் சேர்க்கலாம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்குவது நல்லது. காற்று மாதத்தில் ஆய்வுக்கான தரவு தானாகவே பள்ளிச் சுவர் தாண்டி வந்து விழும். தங்கள் பகுதியில் எது பறக்கிறது, எது பறப்பதில்லை என்று மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதிய புகார்களில் எத்தனை நிற்கின்றன, எத்தனை மாறுகின்றன என்பதை அந்த எண்ணிக்கையை வைத்து மாணவர்களே முடிவு செய்யட்டும்.